அட்மிஷன் போட்ட நாளிலிருந்து

கோவையில் அவிநாசி சாலை, பாப்பநாயக்கன்பாளையம், சித்தாபுதூர், திருச்சி சாலை என்று எந்தப் பக்கத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போனாலும் புற்றுநோய்ப் பிரிவில் கூட்டம் குறைவதில்லை. பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், கோபி, சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம், ஊட்டி என்று எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். எல்லை தாண்டிப் பாலக்காட்டிலிருந்தும் வருகிறார்கள். அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. அப்படி ஒரு பிள்ளையை அட்மிட் செய்யும் அன்றைக்கு, டாக்டர் அறைக்குள் நுழையும் முன்பே அப்பாவோ மாமாவோ தனியாக வந்து தாழ்ந்த குரலில் சொல்லும் பேச்சு பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கிறது: "பையனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சாதாரணக் கட்டின்னுதான் சொல்லி வெச்சிருக்கறமுங்க."

பையனுக்குத் தெரியும். கையில் போன் இருக்கிறது. மடியில் இருக்கும் பைலின் மேல் பிரிவின் பெயர் இருக்கிறது. எதிர்ப் படுக்கையில் முடி கொட்டிய ஒரு தம்பி படுத்திருக்கிறான். அம்மா கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு முகம் கழுவி வருவதையும் அவன் பார்க்கிறான். அவன் கேட்காமல் இருப்பது வீட்டாரை நோகடிக்கக் கூடாது என்பதற்காக. இரண்டு தரப்பும் ஒருவரிடம் ஒருவர் நடித்துக்கொண்டே மாதக்கணக்கில் சிகிச்சையைக் கடப்பது பெரும் துன்பம். அது இல்லாமலே கடக்க முடியும். அதனால் இந்த அத்தியாயத்தைப் பெற்றோர் மட்டும் படித்துவிட்டு மூடி வைக்க வேண்டாம். பிள்ளையிடமும் கொடுக்க வேண்டும்.

சட்டப்படியும் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுகிறார்கள். 18 நிரம்பிவிட்டால் கையெழுத்து நோயாளியுடையது. என்ன நோய், என்ன மருந்து, என்ன பக்கவிளைவு என்று தெரியாமல் ஒரு கல்லூரி மாணவி அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது முறையல்ல. 18க்குக் கீழே இருந்தாலும், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நோயின் பெயரைச் சொல்லி, ஊசி எங்கே போடுவார்கள், எத்தனை நாள் தங்க வேண்டும் என்று விளக்கிவிட்டால், அந்தப் பிள்ளை ஊசிக்குக் கை நீட்டும் விதமே மாறிவிடுவதைக் குழந்தைகள் வார்டு சிஸ்டர்கள் நன்றாக அறிவார்கள்.

எந்த வார்டில் படுக்கை என்பதையும் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மருத்துவ உலகம் 15 முதல் 39 வயது வரை உள்ளவர்களை இளம் நோயாளிகள் என்று தனியாக வகைப்படுத்துகிறது. பிரிட்டனில் 1990லேயே லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பதின்வயதினருக்கென்று தனிப் புற்றுநோய்ப் பிரிவு திறக்கப்பட்டது. நம்மிடம் பெரும்பாலும் இரண்டே வழிதான்: பொம்மைப் படம் வரைந்த குழந்தைகள் வார்டு, இல்லையென்றால் பெரியவர்கள் வார்டு. பதினேழு வயதுப் பெண் பாட்டிமார்களுக்கு நடுவில் தனியாகப் படுத்திருப்பாள். ஒரே நோய்க்குக் குழந்தைகளுக்கான சிகிச்சை முறையும் பெரியவர்களுக்கான முறையும் வேறு வேறாக இருக்கலாம். ரத்தப் புற்றுநோயில் இந்த வேறுபாடு முக்கியமானது. பதின்வயதினருக்குக் குழந்தைகளுக்கான முறையே கூடுதல் பலன் தருவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "எந்த முறைப்படி சிகிச்சை கொடுக்கிறீங்க?" என்று கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

நம்பிக்கைக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் எல்லோர் மனதிலும் முதலில் நிற்கும் கேள்வி. இருக்கிறது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் பேர் 19 வயதுக்குள் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வசதியான நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூடத் தேறுவதில்லை. 2030க்குள் உலகம் முழுக்கக் குறைந்தது 60 சதவீதம் பேரையாவது காப்பாற்ற வேண்டும் என்று அந்த நிறுவனம் 2018ல் இலக்கு வைத்தது. இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணங்கள்: நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, கிருமித்தொற்று, மருந்து கிடைக்காமை, சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவது. கடைசிக் காரணம் பெருமளவு குடும்பத்தின் கையில் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைக்குரிய பங்கு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லே ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளை உருவாக்கும் குழுவை நடத்தினார். அந்த வகை மருந்தைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 1947ல் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இன்றைக்குக் கோவை வார்டுகளில் மஞ்சள் நிறத்தில் ஏற்றப்படும் மெத்தோட்ரெக்ஸேட் அதே குடும்பத்து மருந்து. முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் டாக்டர் வி.சாந்தாவும் அவருடன் இருந்தவர்களும், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகியவற்றோடு சேர்ந்து, 1980களின் நடுவிலிருந்து குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு எம்.சி.பி.841 என்ற ஒரே முறையைப் பின்பற்றினார்கள். ஐந்தில் ஒரு குழந்தை தேறுவதே அரிது என்றிருந்த நிலை மாறி, ஏறக்குறைய பாதிப் பேர் தேறினார்கள். புது மருந்து எதுவும் அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த மருந்துகளை ஒழுங்காக, நாள் தவறாமல், எல்லோருக்கும் ஒரே கணக்கில் கொடுத்தார்கள்.

மருந்து ஏறும் முன்

முதல் வாரம் சோதனைகளிலேயே போய்விடும். "வந்து ஒரு வாரமாச்சு, இன்னும் மருந்தே ஆரம்பிக்கலையே" என்று வீட்டார் பதறுவது இயல்பு. சதைத் துணுக்கு எடுத்து அது எந்த வகைப் புற்று என்று உறுதி செய்யப் பல அடுக்குச் சோதனைகள் தேவைப்படுகின்றன. வகை மாறினால் மருந்து மாறும். அதனால் இந்தக் காத்திருப்பு வீண் நாள் ஆகாது. அந்த நாட்களில் ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ, பல் பரிசோதனை என்று வரிசையாக அழைப்பார்கள். சொத்தைப் பல் இருந்தால் முன்பே சரிசெய்துவிடுவது நல்லது. பின்னால் எதிர்ப்புச் சக்தி குறையும்போது அந்தப் பல் வழியாகவே கிருமி உள்ளே நுழையும்.

எலும்பு மஜ்ஜைச் சோதனை என்றதும் எல்லோருக்கும் பயம் வருகிறது. இடுப்புக்குப் பின்புறம் மேடாக இருக்கும் எலும்பில் மரத்துப்போகும் ஊசி போட்டு, பிறகு மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். உறிஞ்சும் அந்தச் சில நொடிகளில் காலுக்குள் இழுப்பதுபோல ஒரு வலி வரும், உடனே போய்விடும். முதுகுத் தண்டில் ஊசி போடும்போது முழங்காலை நெஞ்சோடு சேர்த்து இறா மாதிரி சுருண்டு படுக்கச் சொல்வார்கள். முடிந்ததும் சிறிது நேரம் மட்டமாகப் படுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தலைவலி பிடித்துக்கொள்ளலாம். சிறு பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்தே செய்யும் மருத்துவமனைகள் பல உண்டு. "மயக்கம் கொடுத்துச் செய்வீங்களா?" என்று முன்கூட்டியே கேட்கலாம். மயக்கம் கொடுப்பதாக இருந்தால் எத்தனை மணியிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது என்று சிஸ்டர் சொல்வார். அதைக் கறாராகப் பின்பற்ற வேண்டும். பிள்ளை பசிக்கிறது என்றதும் பாட்டி கொடுக்கும் ஒரு பிஸ்கட்டால் அன்றைய சோதனையே தள்ளிப்போகும்.

புற்றுநோய்க்கான கீமோ மருந்தை ஏற்றுவதற்கு என்ன வழி என்பது அடுத்த கேள்வி. கையில் போடும் வென்ஃப்ளான் ஒரு சில நாளுக்குத்தான் தாங்கும். பல மாத சிகிச்சைக்கு மேற்கையிலிருந்து பெரிய ரத்தக்குழாய் வரை செல்லும் பிக் லைன், அல்லது நெஞ்சுத் தோலுக்கு அடியில் பதிக்கும் கீமோ போர்ட் வைப்பார்கள். போர்ட் பதித்தவர் சிகிச்சை இல்லாத நாட்களில் குளிக்கலாம், கல்லூரிக்குப் போகலாம். வெளியே எதுவும் தொங்காது. பிக் லைனுக்கு வாராவாரம் டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும், அதில் தண்ணீர் படக் கூடாது. விலை, தங்கும் ஊர், வீட்டு வசதி எல்லாவற்றையும் பார்த்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

இனி, வீட்டில் யாரும் வாய் திறக்காத ஒன்று. சில கீமோ மருந்துகளும் கதிர்வீச்சும் பிற்காலத்தில் குழந்தை பெறும் திறனைப் பாதிக்கலாம். பருவம் அடைந்த பையனின் விந்தணுவை முன்கூட்டியே சேமித்து உறைய வைக்கலாம். பெண்களுக்குக் கருமுட்டை சேமிக்கும் வழி உண்டு, ஆனால் அதற்குப் பத்து நாள் அளவுக்கு அவகாசம் வேண்டும். எல்லா நோயிலும் அந்த அவகாசம் கிடைக்காது. எதுவானாலும் முதல் டோஸுக்கு முன்பே செய்தாக வேண்டும். கோவையில் கருத்தரிப்பு மையங்களுக்குக் குறைவில்லை. குறை இருப்பது பேச்சில்தான். அப்பா முன்னால் பையன் கேட்கக் கூச்சப்படுகிறான், பையன் முன்னால் டாக்டர் பேசுவதை அப்பா விரும்புவதில்லை. இரண்டு நிமிடம் பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நோயாளியிடம் தனியாகப் பேச மருத்துவருக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். இருபத்தெட்டு வயதில் திருமணப் பேச்சு எடுக்கும்போது இந்த இரண்டு நிமிடத்தின் அருமை தெரியும்.

வார்டில் ஒரு நாள்

விடியற்காலை ரத்தம் எடுக்க வருவார்கள். பிறகு எடை, பி.பி., காய்ச்சல். ஒன்பது, பத்து மணிக்கு ரவுண்ட்ஸ். அந்த நேரம் நோயாளி தூங்காமல் எழுந்து உட்கார்ந்திருப்பது நல்லது. கேள்விகளை முந்தின இரவே ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கலாம். ரத்த அறிக்கை வந்ததும் "கவுண்ட்" பார்ப்பார்கள். வெள்ளை அணு, பிளேட்லெட், சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் சரியாக இருந்தால்தான் மருந்துக்கு உத்தரவு. கவுண்ட் குறைவு என்று ஒரு வாரம் தள்ளிப் போடுவது அடிக்கடி நடக்கும். நோய் முற்றிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

கீமோ அளவை உயரம், எடை இரண்டையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு முறையும் எடை மெஷினில் நிற்கச் சொல்கிறார்கள். மருந்துப் பை வந்ததும் பெரும்பாலும் இரண்டு சிஸ்டர்கள் சேர்ந்து பெயர், ஐ.பி. எண், மருந்து, அளவு ஆகியவற்றைச் சரிபார்ப்பார்கள். நோயாளியும் தன் பெயரை உரக்கச் சொல்லி அந்தப் பையின் மேல் ஒட்டிய சீட்டைப் பார்க்கலாம். பதினைந்து வயதுப் பிள்ளைகூட இதைச் செய்ய முடியும். செய்யவும் வேண்டும்.

முதலில் வாந்தியைத் தடுக்கும் ஊசி. அரை மணி நேரம் கழித்து மருந்து. டாக்ஸோருபிசின் செக்கச் செவேலென்று இருக்கும். அன்றைக்குச் சிறுநீரும் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று அலற வேண்டாம். வின்கிறிஸ்டின் மலச்சிக்கலையும் விரல் நுனியில் மரமரப்பையும் தரும். சிஸ்பிளாட்டின் ஏறினால் காதில் இரைச்சல் வருகிறதா என்று கவனித்துச் சொல்ல வேண்டும். எந்த மருந்தானாலும் ஊசி குத்திய இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் அந்த நிமிடமே மணியை அடிக்க வேண்டும். சில மருந்துகள் ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையே புண்ணாகிவிடும். "சிஸ்டர் பிஸியா இருக்காங்க, அப்புறம் சொல்லிக்கலாம்" என்று பொறுத்துக்கொள்ளும் நல்ல பிள்ளைகளுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம்.

எலும்புப் புற்றுக்கு வரும் பையனின் அறையை எட்டிப் பார்த்தால் கழிவறை வாசலில் அளவுக் கோடு போட்ட ஒரு ஜாடி, பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் காகிதப் பட்டைகள், சுவரில் தொங்கும் ஒரு தாள். மெத்தோட்ரெக்ஸேட் பெரிய அளவில் ஏறும்போது சிறுநீரில் அமிலத்தன்மை கூடினால் அந்த மருந்து சிறுநீரகத்தில் படிந்து அடைத்துவிடும். அதனால் சிறுநீர் கழிக்கும் ஒவ்வொரு முறையும் பட்டையை நனைத்து நிறம் பார்ப்பார்கள். அளவைத் தாளில் குறிப்பார்கள். இரவு இரண்டு மணியானாலும் விடமாட்டார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கும் வரை, மாற்று மருந்தான லூகோவோரினைக் குறித்த நேரத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். இந்தத் தாளை நிரப்பும் பொறுப்பை அம்மாவிடமிருந்து வாங்கிப் பையனிடமே கொடுத்துவிடலாம். படுக்கையில் கிடந்து மற்றவர் செய்வதையெல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டிய நாட்களில், தன் கையில் ஒரு வேலை இருப்பது பெரிய தெம்பு.

கதிர்வீச்சு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாரத்தில் ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் சில நிமிடம். வலி இருக்காது. தலை, கழுத்துப் பகுதிக்கு என்றால் முகத்தின் அளவுக்கே ஒரு வலை முகமூடி செய்து பொருத்துவார்கள். அறையில் தனியாகப் படுத்திருக்க வேண்டும், ஆனால் வெளியிலிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டும் மைக்கில் பேசிக்கொண்டும் இருப்பார்கள்.

வலியை மறைப்பது இன்னொரு பழக்கம். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். மார்ஃபின் எழுதிக் கொடுத்தால் "கடைசி மருந்து" என்று வீட்டார் நடுங்குகிறார்கள். தேறி வீட்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் வாய்ப்புண், ஆபரேஷன் வலிக்காக அதைக் கொடுத்துப் பின் நிறுத்துவது வழக்கம்.

கவுண்ட் இறங்கும் நாட்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் மனப்பாடம் செய்ய முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். கீமோ முடிந்து ஏறக்குறைய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அவற்றில் ஒரு வகையான நியூட்ரோபில் 500க்குக் கீழே போனால் சாதாரணக் கிருமியும் உயிருக்கு ஆபத்தாகலாம். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அது அவசரம். மருத்துவமனைக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும் என்பதுதான் விதி.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். தொட்டுப் பார்த்துச் சொல்வது கணக்கில்லை. பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்துக் காலையில் போகலாம் என்று இருப்பது, பக்கத்து கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வது, ஆசனவாயில் மாத்திரை வைப்பது எல்லாமே தவிர்க்க வேண்டியவை. வால்பாறையிலிருந்து வரும் குடும்பத்துக்கு ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவு இறங்கியாக வேண்டும்; நள்ளிரவில் அது நடக்கிற காரியமில்லை. அப்படிப்பட்ட தூரத்து ஆட்கள் கவுண்ட் இறங்கும் அந்த ஒரு வாரம் கோவையிலோ பொள்ளாச்சியிலோ உறவினர் வீட்டில் தங்கிக்கொள்வது நல்லது. எந்த நேரமும் அழைக்க வார்டு எண்ணையும், அருகில் உள்ள எந்த மருத்துவமனைக்கு முதலில் போகலாம் என்பதையும் டிஸ்சார்ஜுக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிளேட்லெட் குறைந்தால் ஈறில் ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளி வரும். மென்மையான பிரஷ், ஷேவிங்குக்குப் பிளேடு வேண்டாம், டிரிம்மர் போதும். பெண் பிள்ளைகள் மாதவிடாய்த் தேதியைச் சிஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும். உதிரப்போக்கு கட்டுக்கடங்காமல் போகாதிருக்கச் சில காலம் அதைத் தள்ளிவைக்க மாத்திரை உண்டு. தானமாகப் பெறும் பிளேட்லெட் ஐந்து நாள்தான் கெடாமல் இருக்கும், அதனால் முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைக்க முடியாது. கல்லூரி நண்பர்கள் "என்னடா செய்யறது" என்று தவிக்கும்போது செய்யக்கூடிய அருமையான உதவி இது: ரத்த வகையும் போன் எண்ணும் கொண்ட ஒரு பட்டியல். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வாய்ப்பு இருந்தால் மட்டும், அண்ணன் தங்கை போன்ற ரத்த உறவுகள் தானம் கொடுக்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

சாப்பாட்டில் கொங்கு வீடுகளுக்கு ஒரு வசதி உண்டு. சூடாகக் குழைய வைத்த அரிசியும் பருப்பும் சாதத்தில் நெய் ஊற்றித் தந்தால் வாய்ப்புண் உள்ள பிள்ளையும் நாலு வாய் சாப்பிடும். அன்றைக்குப் பிழிந்த சந்தகை, அன்றைக்கு எடுத்த தேங்காய்ப் பால், முழுதாக வெந்த முட்டை, தோலுரித்த வாழைப்பழம், ஆரஞ்சு நல்லவை. ராத்திரி ஊற வைத்த கம்மங்கூழ், காலையில் அரைத்து மாலை வரை வைத்த தேங்காய்ச் சட்னி, ஆஃப் பாயில், நறுக்கி விற்கும் பழம், ரோட்டோரத்து ஜூஸ் இவற்றைத் தள்ளி வைக்க வேண்டும். பள்ளிபாளையம் சிக்கன் ஆசையாகத்தான் இருக்கும். புண்ணான வாய்க்கு அந்த மிளகாய் ஆகாது. சில மருத்துவமனைகள் பச்சைக் காய்கறியையே தடுக்கின்றன, சில கழுவிச் சமைத்தால் போதும் என்கின்றன. படுத்திருக்கும் இடத்து விதிதான் விதி. பிளேட்லெட் ஏற பப்பாளி இலைச் சாறு, யாரோ சொன்ன நாட்டு மருந்து என்று டாக்டருக்குத் தெரியாமல் கொடுப்பதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. கீமோவோடு சேர்ந்து அது கல்லீரலை என்ன செய்யும் என்று கொடுப்பவருக்கும் தெரியாது.

பார்க்க வரும் கூட்டம் இன்னொரு சோதனை. பங்காளி, மாமன் மச்சான், ஊர்க்காரர் எல்லோரும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து தலைகாட்டிவிட்டுப் போவது கொங்கு நாட்டு முறை. வராமல் விட்டால் குறையாகப் பேசுவார்கள் என்பதால் சளி பிடித்தவரும் வருகிறார். குடும்பத்தில் நாலு பேர் மதிக்கும் ஒரு பெரியவரிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைத்துவிடலாம்: "டாக்டர் யாரையும் விட வேண்டாம்னு சொல்லிட்டாருங்க, கவுண்ட் ஏறுனதும் நானே கூப்பிடறனுங்க." பெற்றோர் சொன்னால் வருத்தப்படுபவர்கள் பெரியவர் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். நண்பர்களுக்கு வீடியோ கால் போதும். அந்த அழைப்பு நேரத்தில் அம்மா அறையை விட்டு வெளியே போய்க் காபி குடித்துவிட்டு வரலாம். இருவருக்குமே அது தேவை.

முடி, கோபம், பக்கத்துப் படுக்கை

முடி பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடப்பதைப் பார்ப்பதைவிட முன்பே குட்டையாக வெட்டிக்கொள்வது மனதுக்குச் சுலபம். பழனிக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போடும் ஊர் என்பதால் பையன்களுக்கு வெளியில் அதிகம் பதில் சொல்ல வேண்டியிருக்காது. பெண் பிள்ளைகளுக்கு அப்படியில்லை. "உசுரு முக்கியமா முடி முக்கியமா" என்று அத்தை சொல்வது ஆறுதல் ஆகாது. அந்தப் பெண் இழப்பது தன் முகத்தில் தனக்குப் பழகிய ஒன்றை. அவள் அழட்டும். விக்கோ, துப்பட்டாவோ, எதுவும் வேண்டாம் என்பதோ, முடிவு அவளுடையது.

ரத்தப் புற்றுநோயில் கொடுக்கும் ஸ்டீராய்டு, பிள்ளையின் குணத்தையே மாற்றிவிடும். அடங்கிய பிள்ளை தட்டை வீசும். நள்ளிரவில் பிரியாணி கேட்கும். முகம் உப்பும். இது மருந்தின் வேலை, வளர்ப்பின் குறை அல்ல. மாத்திரை நின்றதும் பெரும்பாலும் அடங்கும். தூக்கமே இல்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, சாப்பிடவே வேண்டாம் என்று பல நாள் நீடித்தால் மனநல ஆலோசகரை அழைக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நேற்று வரை பக்கத்தில் படுத்திருந்து போனில் விளையாடிய பிள்ளையின் படுக்கை ஒரு காலையில் காலியாக இருக்கலாம். "வீட்டுக்குப் போயிட்டான்" என்ற பொய்யை வார்டில் யாரும் நம்புவதில்லை. உண்மையைச் சொல்லி, "அவனுக்கு வந்த நோயும் உனக்கு வந்ததும் ஒன்றில்லை" என்பது சரியாக இருந்தால் அதையும் சொல்லி, கூடவே உட்கார்ந்திருப்பதுதான் செய்யக்கூடியது. கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் 18 வயதில், 1977ல், எலும்புப் புற்றுக்கு வலது காலை முழங்காலுக்கு மேல் இழந்தான். சிகிச்சைக் காலத்தில் மருத்துவமனையில் தன்னைச் சுற்றிப் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்ததுதான் அவனை 1980ல் செயற்கைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓட வைத்தது. நோய் நுரையீரலுக்குப் பரவி 1981 ஜூனில் 22 வயதில் இறந்துபோனான். அதே நோய்க்கு இன்று பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காலை எடுக்காமல், கெட்ட எலும்பை மட்டும் அகற்றி உலோக மூட்டு வைக்கிறார்கள்.

திரும்பி வந்தவர்களும் உண்டு. கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்குக்கு 2012ன் தொடக்கத்தில், 30 வயதில், நெஞ்சுக்கூட்டுக்குள் இருந்த கட்டி புற்றுநோய் என்று வெளியே தெரிந்தது. அமெரிக்காவில் கீமோ முடித்து ஏப்ரலில் நாடு திரும்பினார். அந்தச் செப்டம்பர் 11ம் தேதி சென்னை சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராக மறுபடி மட்டையோடு இறங்கியபோது அரங்கம் எழுந்து நின்றது. அன்றைக்கு 34 ரன் எடுத்தார். எல்லோருக்கும் இவ்வளவு சீக்கிரம் உடம்பு ஒத்துழைக்காது. படிப்பிலும் அவசரம் வேண்டாம்: பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை துணைத் தேர்வு எழுதினால் என்ன குறைந்துவிடப் போகிறது? தலைமை ஆசிரியரிடம் மருத்துவச் சான்றோடு முன்பே பேசிவிட்டால் வருகைப்பதிவு, தேர்வு எல்லாவற்றுக்கும் வழி கிடைக்கும்.

காப்பீடு, டிஸ்சார்ஜ்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. கோவையின் தனியார் மருத்துவமனைகள் பலவும் இதில் இருக்கின்றன. ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் இந்தத் திட்டத்துக்கென்றே ஒரு கவுன்டர் இருக்கும். அப்ரூவல் வராமல் சொந்தப் பணத்தைக் கட்டும் முன் அங்கே கேட்க வேண்டும். அடையாறுக்கோ வேலூருக்கோ ரயிலில் போக வேண்டி வந்தால், மருத்துவமனை தரும் சான்றைக் காட்டினால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, கூட வருபவருக்கு 75 சதவீதம் சலுகை. கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. 2013 முதல் நடக்கும் கோவை மாரத்தான் அதன் பணிகளுக்காகத்தான் ஓடப்படுகிறது. மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டால் யாரை அணுகலாம் என்று சொல்வார்.

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் உறையில் போட்டு மூடாமல் அங்கேயே நின்று படிக்க வேண்டும். எந்த மருந்து எந்தத் தேதியில் ஏறியது, அடுத்த சுற்று என்றைக்கு, கவுண்ட் எப்போது பார்க்க வேண்டும் ஆகியவை அதில் இருக்க வேண்டும். போனில் ஒரு படம் எடுத்து நோயாளியே வைத்துக்கொள்ளட்டும். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டரைப் பார்க்கும்போதும், முன்பு ஏறிய டாக்ஸோருபிசினின் மொத்த அளவு அவருக்குத் தேவைப்படும்.

ரத்தப் புற்றுநோய்க்கு முழு சிகிச்சை இரண்டு வருடத்துக்கு மேல் ஓடும். முதல் ஒன்றிரண்டு மாதத்திலேயே பிள்ளை ஓடியாட ஆரம்பித்துவிடும், முடி முளைக்கும், எல்லாம் சரியாகிவிட்டது என்றே தோன்றும். பாதியில் நிற்பவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் நிற்கிறார்கள்: வெள்ளாமை நேரம், பவர்லூமை நிறுத்த முடியாது, திருப்பூர் கம்பெனியில் லீவு கிடைக்காது, கடன் ஏறிவிட்டது. இவை எல்லாமே நிஜமான நெருக்கடிகள். ஆனால் மிச்சம் இருக்கும் புற்று செல்கள் அந்த இடைவெளியில் மறுபடி பெருகும், இரண்டாம் முறை அவை பழைய மருந்துக்கு எளிதில் அடங்காது. அதனால் பணமோ தூரமோ வேலையோ தடையாக வந்தால், வராமல் நின்றுவிடாமல் வார்டுக்குப் போன் செய்து அதை அப்படியே சொல்லுங்கள். தேதியை மாற்றலாம், ஊருக்குப் பக்கத்தில் ரத்தச் சோதனை செய்யலாம், உதவிக்கு ஆள் தேடலாம். அந்தப் போனைப் பெற்றோர் செய்யத் தயங்கினால், படிக்கத் தெரிந்த, நோயின் பெயர் தெரிந்த பிள்ளையே செய்யட்டும்.